சிறுதேர்ப் பந்தயம் வளர்ந்த வரலாறு

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் ஆண்பாற் பிள்ளைப் பருவங்கள் பத்தினுள் இறுதியாகச் சிறுதேர்ப் பருவத்தை வைத்தனர். நடை பழகிய குழந்தை தேர் உருட்டி விளையாடுதல் தமிழர் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் காட்சியாகும். உருண்டோடும் பொருளின்மேல் மாந்தர்க்குள்ள வேட்கை குழந்தைப் பருவத்தோடு முடிந்துவிடுவதன்று. வளர்ந்தோரும் அவ்வேட்கையைத் தீர்த்துக்கொள்ளத் தோன்றிய விளையாட்டே ‘கோ-கார்ட்’ எனப்படும் சிறு வண்டிப் பந்தயம். அதனைச் சிறுதேர்ப் பந்தயம் என்று நாம் அழைப்பின் பொருந்தாமற் போகாது.

மோட்டார்ப் பந்தயம் என்றவுடனே, ‘அது செல்வர்தம் பொழுதுபோக்கு, மாதச் சம்பளக்காரனுக்கு அங்கே என்ன வேலை?’ என்ற எண்ணமே நம்மில் பலருக்கு எழும். ஆயின் அதன் வரலாற்றை நோக்கின், பிறர் வேண்டாவென்று ஒதுக்கிய பொருள்களைக் கொண்டே இவ்விளையாட்டு வேரூன்றியது என்பது விளங்கும். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்னும் பழமொழிக்கு இதனினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது.

1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் முதல் கார்ட் வண்டியைச் செய்தார். பெரும் பந்தயக் கார்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்தவர் அவர். பகலில் பிறருக்காகப் பெரிய கார் செய்தவர், ஓய்வு நேரத்தில் லூ பொரெல்லி என்னும் நண்பருடன் சேர்ந்து தமக்கென ஒரு சிறிய வண்டி செய்துகொண்டார். இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த சட்டம், நான்கு சிறு சக்கரங்கள், ஓர் இருக்கை. புல் வெட்டும் இயந்திரத்திற்கென ஆக்கப்பட்டு விலைபோகாமல் தேங்கிக் கிடந்த சிறு எஞ்சின் ஒன்று. அவ்வளவே! பாசடினா நகரில் ரோஸ் பவுல் விளையாட்டரங்கின் கார் நிறுத்துமிடத்தில் அது ஓடக் கண்டவர்கள், தமக்கும் ஒன்று வேண்டுமென்றனர். சில ஆண்டுகளுக்குள் அது கடல் கடந்தும் பரவிற்று. 1962இல் இவ்விளையாட்டிற்கெனப் பன்னாட்டு ஆணையம் ஒன்று அமைந்தது. 1964இல் உலகப் பட்டத்திற்கான முதற் போட்டி ரோமாபுரியில் நடைபெற்றது.

இவ்வண்டியின் அமைப்பு ரயில்வே எழுத்தனாகிய எனக்கு வியப்பளிப்பது. சாலையில் ஓடும் காரில் வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் மிகுதியாகவும் உட்புறச் சக்கரம் குறைவாகவும் சுழல்வதற்கு ‘டிபரன்ஷியல்’ என்னும் பற்சக்கரப் பெட்டி உண்டு. கார்ட்டில் அது கிடையாது. ரயில் வண்டியில் உள்ளதுபோலவே பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை. ரயில் சக்கரம் சற்றே கூம்பிய வடிவில் கடையப்பட்டிருத்தலின் வளைவில் தானே இசைந்து செல்கிறது. கார்ட்டுக்கு அவ்வசதியும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. ஆகவே வண்டியின் இரும்புச் சட்டமே சற்று முறுக்கிக்கொடுத்து, வளைவில் உட்புறப் பின்சக்கரத்தை ஒரு கணம் தரையினின்று தூக்கிவிடுகிறது. செலவைக் குறைக்க விட்டுவிட்ட உறுப்புகளின் வேலையை ஓட்டுபவரின் திறமையும் சட்டத்தின் நெகிழ்ச்சியும் செய்கின்றன. பெரும் பந்தய வீரர்கள் பலரும் இதனையே முதற் பள்ளியாகக் கொண்டதன் காரணம் இதுதான்.

அப்பள்ளியில் எளிய குடும்பத்துப் பிள்ளைகளும் பயின்றனர். ஏழு முறை உலகப் பட்டம் வென்ற ஜெர்மானியரான மைக்கேல் ஷூமாக்கர் ஒரு கொத்தனாரின் மகன். தந்தை ஒரு பழைய மொபெட் எஞ்சினைப் பொருத்திக் கொடுத்த சிறு வண்டியே அவரது முதற் கார்ட். அவரைப் போலவே ஏழு பட்டம் பெற்ற இங்கிலாந்து வீரர் லூயிஸ் ஹாமில்டனின் பாட்டனார், கிரெனடாத் தீவினின்று லண்டனுக்குக் குடிபெயர்ந்து சுரங்க ரயிலில் பணியாற்றியவர். தந்தையார் ஒரே காலத்தில் பல வேலைகள் பார்த்து மகனின் கார்ட் செலவைத் தாங்கினார். பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நம்மவர்க்கு இவ்வரலாறு அயலார் கதையாகத் தோன்றாது.

இனி, நம் நாட்டு வரலாற்றுக்கு வருவோம். 1953இல் சென்னையில் ‘மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்’ தோன்றியது. அதனை நிறுவியவர்களுள் இந்து சந்தோக் குறிப்பிடத்தக்கவர். பந்தயத்திற்கென்று தடம் கட்டப் பொருள் ஏது? சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று பயனற்றுக் கிடந்தது. அதுவே பந்தயத் தடமாயிற்று. வெளிநாட்டுக் கார்களை எளிதில் இறக்குமதி செய்ய இயலாத காலம் அது. எனவே நாம் சாலையில் கண்ட அம்பாஸடரும் பியட்டும் ஹெரால்டும் பட்டறைகளில் உருமாறிச் சோழவரத்தில் ஓடின. ஓட்டியவர்களுள் செல்வர் பலர் இருந்தனர் என்பது மெய்யே. ஆயினும் அவ்வண்டிகளுக்கு உயிரூட்டியவர்கள் கையில் எண்ணெய்க் கறை படிந்த நம் மெக்கானிக்குகளே ஆவர். 1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிலையான தடம் அமைந்தபின் சோழவரத்தின் காலம் முடிந்தது.

செலவைக் குறைத்து இளைஞரை உள்ளே கொணர வேண்டும் என்று முனைந்தவர்களுள் தலையாயவர் கோவையைச் சேர்ந்த கரிவரதன். நடுத்தரக் குடும்பங்கள் வாங்கிய மாருதி 800 காரின் எஞ்சினையே எடுத்து, ஒருவர் மட்டும் அமர்ந்து ஓட்டும் பந்தயக் காரை அவர் உருவாக்கினார். உதிரிப் பாகம் உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும் என்பது அதன் பெருஞ்சிறப்பு. 1980களின் பிற்பகுதியில் பிறந்த அந்த ‘பார்முலா மாருதி’ கார்கள் பல இளைஞருக்குப் படிக்கட்டாயின. அவ்வகைக் காரில் தொடக்கத்தில் ஓட்டியவர்களுள் ஒருவரான கோவை நரேன் கார்த்திகேயன், 2005இல் ‘பார்முலா ஒன்’ பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்னும் புகழெய்தினார். அந்நாளைக் காணக் கரிவரதன் இல்லை. 1995இல் வானில் பறக்கையில் நேர்ந்த விபத்தில் அவர் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ என அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பொறியியற் கல்லூரி மாணவர்கள் தம் கைப்பட உருவாக்கிய பந்தய வண்டிகளின் போட்டியும் அங்கு நடந்து வருகிறது.

கார்ட் பந்தயத்திற்கு நம் நாட்டில் முறையான வடிவம் தந்தவர்களுள் சென்னையைச் சேர்ந்த பந்தய வீரர் அக்பர் இப்ராஹிம் ஒருவர். நம் பெங்களூரில் ஹெண்ணூர்–பாகலூர் சாலையில் அவரது நிறுவனம் நடத்தும் தடத்தில் தேசியப் போட்டிகள் நடைபெற்றுள்ளன. இத்தேசியப் போட்டிகளில் பயன்படும் 125 சி.சி. எஞ்சின்கள் முத்திரையிடப்பட்டவை, பணமுள்ளவர் உள்ளே கைவைத்து வேகத்தைக் கூட்டிக்கொள்ள இயலாது. எடை குறைந்தவர் ஈயக்கட்டி சுமந்து, குறித்த எடைக்குச் சமன் செய்துகொள்ள வேண்டும். பணப்பையன்று, கைத்திறனே வெல்ல வேண்டும் என்பது இவ்விதிகளின் கருத்து.

ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. சொந்த வண்டி, டயர், பயணம் என்று தேசிய அளவிற் போட்டியிட இறங்குவோர்க்கு இன்று ஆகும் செலவு நம் போன்றோர் தாங்கக் கூடியதன்று. நமக்கு உகந்தது கிளப் முறை. அதில் வண்டி தடத்தாருடையது. எல்லாம் ஒரே வகையின. எவர்க்கு எவ்வண்டி என்பது சீட்டுக் குலுக்கி முடிவாகும். தலைக்கவசமும் அங்கேயே தருவர். ஓட்டிய நிமிடங்களுக்கு மட்டும் பலர் கூடிப் பணம் கொடுத்தால் போதும்.

இது வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சன்று. நள்ளிரவில் இந்நகரச் சாலைகளில் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கிப் பறக்கும் இளைஞரை நாம் காண்கிறோம். போலீசார் வழக்கிடுகின்றனர், பெற்றோர் கண்ணீர் விடுகின்றனர். வேகத்தின்மேல் உள்ள ஆசையை வசவினால் மட்டும் போக்கிவிட முடியுமா? எதிரே லாரி வராத, நடந்து செல்வோர் இல்லாத, விதியும் கண்காணிப்பும் உள்ள ஓரிடத்தை அவர்க்குக் காட்டுதலன்றோ அறிவுடைமை!

அவ்விடத்திலும் எச்சரிக்கை வேண்டும். 2020இல் ஐதராபாத் அருகே ஒரு கார்ட் தடத்தில் இளம்பெண் ஒருவர், தலைமுடி வண்டியில் சிக்கி உயிர் துறந்தார். முன்னர்க் கூறிய அந்தப் பின்னச்சு இருக்கைக்குப் பின்னே சுழன்றுகொண்டே இருப்பது. ஆதலின் கூந்தலை இறுக முடிந்து கவசத்திற்குள் அடக்குதலும், துப்பட்டா முதலிய தொங்கும் துணிகளை நீக்குதலும் உயிர்காக்கும் விதிகள் என அறிக. இவ்விதிகளைக் காத்தால் பெண்மக்களும் ஆடவரோடு ஒரே களத்தில் நிகராகப் போட்டியிடக்கூடிய விளையாட்டு இது.

அன்பர்களே! விவேக் நகரிலும் ஆஸ்டின் டவுனிலும் ஈஜிபுரத்திலும் வாழும் நம் குடும்பங்களில் பட்டறைத் தொழிலாளர் உளர். பொறியியல் பயிலும் பிள்ளைகள் உளர். நம் சங்கம் ஆண்டுதோறும் பேச்சுப் போட்டியும் கோலப் போட்டியும் நடத்துவது போல, ஆண்டிற்கொருமுறை இளைஞரைக் கூட்டிச் சென்று ஒரு சிறுதேர்ப் பந்தயமும் நடத்தலாகாதா? வென்றவர்க்கு ஒரு நூல் பரிசளிப்போம். தோற்றவர்க்கு அடுத்த ஆண்டு இருக்கிறது. சாலையில் தோற்பவர்க்கோ அடுத்த ஆண்டு என்பதே இல்லை. இதனைச் சங்கத்துப் பெரியோர் சிந்திப்பாராக.

வாழ்க இளைஞர்! வளர்க சங்கம்!