கடற்பாலம் தகர்ந்த நாள் யாருக்கு நினைவிருக்கும்?

1942 ஜனவரி 31. பின்வாங்கிய பிரிட்டிஷ் படை, ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைத்த கடற்பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தது. மலாயா ஜப்பானியர் கைக்குப் போனது. அதன்பின் தோட்டப்புறத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போன பலர் திரும்பவே இல்லை.

அங்கே மாண்ட வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவருக்கு முழுமையான பெயர்ப் பட்டியல்கூட இல்லை. மிஞ்சியிருக்கும் சாட்சி, மனித நினைவுதான். அந்தச் சாட்சிகளோ, அன்று லயத்து வாசலில் நின்ற சிறு பிள்ளைகள்.

இங்கேதான் கேள்வி எழுகிறது. சிறு பிள்ளையின் நினைவை எவ்வளவு நம்பலாம்?

எங்கே, எப்போது, என்ன நடந்தது என்று வைத்திருக்கும் நினைவை 'நிகழ்வு நினைவு' என்று 1972இல் பிரித்துக் காட்டியவர் எண்டெல் டல்விங். பெரியவர்களுக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்திய நிகழ்வுகள் பெரும்பாலும் நினைவில் இருப்பதில்லை.

விலங்குகளிலும் இதைப் பார்க்கலாம். 2014இல் டொராண்டோ ஆய்வாளர்கள் சுண்டெலிக் குஞ்சுகளைச் சோதித்தார்கள். குஞ்சுப் பருவத்தில் மூளையின் நினைவுப் பகுதியில் புது நரம்பணுக்கள் வேகமாக முளைக்கின்றன. அந்த வேகமே பழைய நினைவைக் கலைக்கிறது என்று கண்டார்கள். பிறக்கும்போதே வளர்ந்த மூளையோடு பிறக்கும் கினிப்பன்றிக் குட்டிகள் அப்படி மறப்பதில்லை.

ஆனால் மனிதக் குழந்தைக்குப் பேச்சு என்ற துணை உண்டு. நடந்ததைப் பிள்ளைகளோடு பேசும் வீடுகளில் நினைவு முன்கூட்டியே வேர் பிடிக்கிறது. முன்னோர் கதையைப் போற்றும் நியூசிலாந்தின் மாவோரி மக்களுக்கு, சராசரியாக மூன்று வயதுக்கும் முந்திய நினைவு இருப்பதாக 2000இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது.

ஆகவே 1936இல் பிறந்தவர் "அப்பாவை லாரியில் ஏற்றினார்கள்" என்றால், அது அவரே கண்டதாக இருக்கலாம். 1941இல் பிறந்தவர் அதையே சொன்னால், அது பெரும்பாலும் அம்மா சொல்லிச் சொல்லிப் பதிந்தது. அது பொய்யல்ல, அம்மாவின் சாட்சி, பிள்ளையின் வாயில் வருகிறது.

வீட்டுப் பெரியவர்களிடம் கதை கேட்டுப் பதிவு செய்பவர்கள் இரண்டு கேள்விகளை மறக்கக் கூடாது: பிறந்த ஆண்டு எது? கண்டதா, கேட்டதா? இரண்டையும் எழுதி வைத்தால், பட்டியலில் ஏறாத தமிழனுக்கு அதுவே பெயர்ப்பலகை.