மால்கம் ஆதிசேஷையா

மால்கம் சத்தியநாதன் ஆதிசேஷையா (ஏப்ரல் 18, 1910 – நவம்பர் 21, 1994) பொருளியல் அறிஞர், கல்வித் திட்ட ஆலோசகர். யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராகவும் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். அடையாறு காந்தி நகரிலுள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை மனைவி எலிசபெத்துடன் சேர்ந்து நிறுவியவர். வெளியுலகில் அவர் பெயர் யுனெஸ்கோவோடு சேர்த்தே பேசப்படுகிறது. தமிழ்நாட்டில் நிலைத்து நின்றது அடையாற்றுப் பணிதான்.

இளமையும் ஆசிரியப் பணியும்

வேலூரில் பிறந்த ஆதிசேஷையா அங்குள்ள வூர்ஹீஸ் கல்லூரியிலும் சென்னை லயோலா கல்லூரியிலும் படித்தார். பின்னர் இலண்டன் பொருளியல் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும் பயின்றார். கல்கத்தாவில் சில ஆண்டுகள் கற்பித்தபின், 1940 முதல் 1946 வரை தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராக இருந்தார்.

யுனெஸ்கோவில்

1948இல் யுனெஸ்கோவில் சேர்ந்தார். புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுக்கான தொழில்நுட்ப உதவித் திட்டங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. 1963இல் துணைத் தலைமை இயக்குநரானார்.

வளர்ச்சி என்றால் அணையும் ஆலையும் என்று திட்டக்காரர்கள் நினைத்த காலம் அது. பள்ளிக்கூடத்துக்கான பணம் செலவுக் கணக்கில்தான் எழுதப்பட்டது. கல்வியை மனித மூலதனத்தில் செய்யும் முதலீடாகக் கொள்ள வேண்டும் என்று தியோடர் ஷுல்ட்ஸ் 1960இல் அமெரிக்காவில் வாதிட்டார். அதே ஆண்டு உருவான கராச்சித் திட்டம், 1980க்குள் ஆசியக் குழந்தைகள் அனைவருக்கும் கட்டாய இலவசத் தொடக்கக் கல்வி என்ற இலக்கை வைத்தது. இந்தியாவுக்கு அந்த இலக்கு அப்போது கைகூடவில்லை.

அடையாறு

1970இல் யுனெஸ்கோவிலிருந்து விலகிய ஆதிசேஷையா சென்னைக்குத் திரும்பினார். 1971 ஜனவரியில் கணவனும் மனைவியும் சொந்தப் பொருளைக் கொண்டு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். உலக நாடுகளுக்கு ஆலோசனை சொன்னவர் தமிழ்நாட்டின் மாவட்டங்களையும் கிராமங்களையும் ஆராய உட்கார்ந்தது அன்று பலருக்கு வியப்பாக இருந்திருக்கும். ஆனால் திட்டங்கள் தில்லியில் தீட்டப்பட்டாலும் வேலையும் கூலியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபவை. அவற்றை அருகிலிருந்து பார்க்க ஆள் வேண்டியிருந்தது.

1977இல் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவும் தமிழ்நாடு அரசும் ஆதரிக்கும் தேசிய நிறுவனமாக அது மாற்றியமைக்கப்பட்டது. அரசுப் பணத்தில் நடந்துகொண்டே அரசின் கொள்கைகளை மதிப்பிட வேண்டிய நிலை இதனால் உண்டானது. அடுத்த ஆண்டு சி. டி. குரியன் இயக்குநரானார். நிதித்துறைச் செயலராக இருந்த எஸ். குகன், பொருளியலாளர் ஏ. வைத்தியநாதன் ஆகியோர் பின்னாளில் இங்கே பணியாற்றினர்.

இங்கு நடந்த ஆய்வுகளில் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்லலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களை ஆய்வு செய்தார். தென்னாற்காட்டு இருவேல்பட்டு அவற்றில் ஒன்று. 1930களில் பி. ஜே. தாமஸ் அதே ஊர்களுக்கு மறுபடி ஆளனுப்பினார். 1980களின் தொடக்கத்தில் குகனும் ஜோன் மெஞ்சரும் இருவேல்பட்டை மீண்டும் ஆராய்ந்து 1983இல் வெளியிட்டார்கள். ஒரே ஊரின் நிலம், கூலி, சாதி உறவுகளை இரண்டு தலைமுறைக்கு மேல் பின்தொடரும் வாய்ப்பு இந்தியாவில் அரிது.

பல்கலைக்கழகமும் மேனிலைக் கல்வியும்

1975 முதல் 1978 வரை துணைவேந்தராக இருந்தார். நெருக்கடி நிலையும் தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சியும் இந்தக் காலத்தில் அடங்கும். கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். லயோலாவும் கிறித்தவக் கல்லூரியும் 1978இல் தன்னாட்சி பெற்றன.

மேனிலைக் கல்வி பற்றி மத்திய அரசு அமைத்த மறுஆய்வுக் குழு 1978இல் அவர் தலைமையில் அறிக்கை தந்தது. ‘செய்யக் கற்றல்’ என்பது அதன் தலைப்பு. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்துபவர் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். தமிழ்நாட்டில் புகுமுக வகுப்பு போய் பிளஸ் டூ வந்ததும் 1978இல்தான். 1995க்குள் மேனிலை மாணவரில் 25 விழுக்காட்டினர் தொழிற்பிரிவில் சேர வேண்டும் என்றது 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை. அது நடக்கவில்லை. மதிப்பெண் குறைந்தவர்களின் இடமாகவே அப்பிரிவைப் பெற்றோர் பார்த்தார்கள். ஆதிசேஷையாவின் யோசனைகளில் மிகவும் அடிபட்டது இதுவே எனலாம்.

பிற பணிகள்

1976இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1978 முதல் 1984 வரை மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தார். நாட்டின் பொருளாதாரத்தை ஆண்டின் நடுவில் மதிப்பிடும் உரைகளைத் தில்லி இந்தியப் பன்னாட்டு மையத்தில் நிகழ்த்திவந்தார். யுனெஸ்கோ 1998இல் அவர் பெயரில் எழுத்தறிவுப் பரிசு ஒன்றை ஏற்படுத்தியது. மால்கம் – எலிசபெத் அறக்கட்டளை வளர்ச்சியியல் ஆய்வுக்கு ஆண்டுதோறும் விருது வழங்குகிறது.