16 நம்பர் கம்பி

பழைய சவரக்கத்தியைச் சரிசெய்ய உட்கார்ந்தால், கத்தியைவிட அதிகமாக அலைய விடுவது அதிலுள்ள சின்ன ஆணிதான். அலகு பிடியில் சேரும் இடத்தில் ஒன்று, பிடியின் கடைசியில் இன்னொன்று. இரண்டு முனையிலும் குட்டி வாஷர் வைத்துத் தலை தட்டியிருப்பார்கள். தறையாணி என்பது பழைய பெயர். கடையில் ரிவிட் என்று கேட்க வேண்டும். கேட்டால், லாரி பாடிக்கு அடிக்கிற ரிவிட்டை எடுத்துப் போடுவார்கள். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் ரிவிட்டுன்னா அதுதானே!

மல்லசமுத்திரத்தில் என் கைக்கு வந்தது ஷெஃபீல்டு கத்தி. ஜோசப் ராஜர்ஸ் கம்பெனியின் நட்சத்திரமும் சிலுவையும், கூடவே 'இங்கிலாந்து' என்ற சொல்லும். இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-ல் மெக்கின்லி சட்டம் போட்ட பிறகுதான் இந்தச் சொல் பரவலானது. அதனால் கத்தி அதற்குப் பிந்தியது என்று தோராயமாகச் சொல்லலாம்.

ஆணித்துளை 1/16 அங்குலம், அதாவது 1.59 மி.மீ. இங்கிலாந்து அளவுக்கு இங்கே எங்கே போவது என்று மலைக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் 1884-ல் சட்டப்படி அமலான கம்பி கேஜ் வரிசையில் 16-ஆம் எண் 1.63 மி.மீ. இந்தியா 1956-ல் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் இயற்றியது. ஹார்டுவேர் கடையில் இன்னமும் '16 நம்பர்'தான். சேலத்தில் பித்தளைக் கம்பி வாங்கி, உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுத்தேன், துளைக்குள் போய்விட்டது.

வாஷர்தான் பாடு. மூக்குக்கண்ணாடி ரிப்பேர்காரரிடம் இருப்பது தட்டை. நமக்கு வேண்டியது கவிழ்த்த கிண்ணம் மாதிரி. கடைசியில் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை ஒன்றில், பித்தளைத் தகட்டை வட்டமாக வெட்டி, குழிக்கட்டையில் வைத்து ஒரே தட்டில் செய்து கொடுத்தார்கள்.

இவ்வளவும் கடைசி ஆணிக்கு. மேல் ஆணியில் வேறு சங்கதி. அங்கே இருந்தது செம்புக் கம்பி. கத்தியைக் கொடுத்த அண்ணன் சொன்னார்: "அது எங்கப்பா போட்டதுங்க தம்பி. அதை மட்டும் எடுத்துராதீங்க."

அவர் அப்பா ஊருக்குச் சவரம் செய்தவர். கொங்கு வெள்ளாளர் கல்யாணங்களில் மங்கல வாழ்த்துப் பாடியவர். கூலி, களத்தில் அளந்து போடும் மேரை. காசு புழங்காத பிழைப்பில் ஷெஃபீல்டு ஆணிக்கு யாருக்கு எழுதிப் போடுவது? அடைப்பத்தில் கிடந்ததை வைத்துத்தான் தட்டியிருப்பார். எய்ட்ஸ் பயத்தில் 1990-களில் பாதி பிளேடு மாட்டும் கத்திக்குக் கடைகள் மாறின. அப்போது இது பரணுக்குப் போனது.

சீர்செய்கிறவர்களின் வழக்கப்படி அந்தச் செம்பை அறுத்து எடுத்துவிட்டு, ஒரே மாதிரிப் பித்தளை போட வேண்டும். பார்க்க லட்சணமாக இருக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, பிடிக்கும் அலகுக்கும் நடுவே தெரியும் கம்பியில் கருஞ்சிவப்பு வார்னிஷ் ஒட்டியிருந்தது. மோட்டார் காயில் கட்டும் கம்பி! மேட்டூர் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது 1937-ல். அதற்குப் பின்னால் மெல்ல மெல்லக் கிணற்று மேட்டுக்குக் கரண்ட் வந்து, மோட்டார் வந்து, அது எரிந்தும் போன பிறகுதான் இந்தக் கம்பி குப்பையில் கிடைத்திருக்க முடியும். எழுத்தில் எங்கும் இல்லாத ஒரு ரிப்பேருக்கு இருக்கும் ஒரே ஆவணம் இது.

செம்பை எடுக்கவில்லை. அலகு ஆடாதபடி, சின்னச் சுத்தியலால் இரண்டு பக்கமும் லேசாகத் தட்டி இறுக்கிக் கொடுத்தேன்.