இணையவாசலில் நிற்கும் இடஒதுக்கீடு

2024 ஜூன் 24, மாலை 5 மணி. தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் இடம் பெற்ற ஒரு தலித் மாணவர், 17,500 ரூபாய் செலுத்தி அந்த இடத்தை உறுதிசெய்ய வேண்டிய கடைசி நேரம் அது. தினக்கூலித் தொழிலாளியின் குடும்பம் பணத்தைத் திரட்டி முடித்தபோது கெடு நெருங்கிவிட்டது. கட்டணம் சென்று சேர்வதற்குள் இணையதளம் மூடிக்கொண்டது. செப்டம்பர் 30 அன்று, அரசமைப்புச் சட்டத்தின் 142ஆவது பிரிவின்கீழ் அவருக்கு இடம் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2021 நவம்பர் 22 அன்றும் இதே பிரிவின்கீழ் ஓர் ஆணை பிறந்தது. அப்போது மும்பை ஐ.ஐ.டி.யில் இடத்தை இழந்திருந்தவரும் தலித் மாணவரே. இணையவழிக் கட்டணம் நிறைவேறாததே அங்கும் காரணம்.

இருவரும் தேர்வில் தேறியவர்கள். இடஒதுக்கீட்டின்படி இடமும் பெற்றவர்கள். அந்த இடத்தைப் பறித்தது ஒரு கட்டணப் பக்கம். 142ஆவது பிரிவு, முழுமையான நீதி வழங்குவதற்காக உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உள்ள தனி அதிகாரம். டெல்லிவரை செல்ல இயலாத மாணவர்களுக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. ஆகவே, பல்கலைக்கழகங்கள் கையாளும் தொழில்நுட்பத்தைச் சமூக நீதியின் கேள்வியாகவே நாம் அணுக வேண்டியுள்ளது.

சேர்க்கையில் தொழில்நுட்பம்

மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வு (கியூட்) 2022இல் கணினிவழித் தேர்வாகத் தொடங்கியது. தமிழ் உட்பட 13 மொழிகளில் அதனை எழுதலாம். ஆனால், கணினியைத் தொட்டுப் பழகாத மாணவருக்கு, தாய்மொழியில் வினாத்தாள் கிடைப்பது மட்டும் போதுமானதன்று. முதல் ஆண்டிலேயே, ஆகஸ்ட் மாதத்தில், தொழில்நுட்பக் கோளாறுகளால் பல மையங்களில் தேர்வு ரத்தானது. ஒருநாள் கூலியை விட்டுப் பிள்ளையை அழைத்து வந்த பெற்றோருக்கு, மறுதேர்வு என்பது இன்னொரு நாள் கூலியின் இழப்பு. பொது நுழைவுத் தேர்வைக் கைவிடக் கோரித் தமிழ்நாடு சட்டப்பேரவை 2022 ஏப்ரல் 11 அன்று தீர்மானம் நிறைவேற்றியது.

இதே தொழில்நுட்பம் வேறுவிதமாகவும் பயன்பட முடியும். தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வைத் தமிழ்நாடு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கியது. பொறியியல் கலந்தாய்வு 2018இல் இணையவழிக்கு மாறியது. அதற்காகச் சென்னை வரை பயணப்பட வேண்டிய நிலை ஒழிந்தது. கணினி இல்லாதவர்கள் விண்ணப்பிக்கவும் சான்றிதழ்களைச் சரிபார்க்கவும் மாவட்டங்களில் உதவி மையங்கள் அமைக்கப்பட்டன. இணையதளத்தின் பின்னால் ஒரு மனிதரும் ஒரு மேசையும் இருந்தால் அதன் தன்மையே மாறிவிடுகிறது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். எனினும், கல்லூரி விருப்பப் பட்டியலை எந்த வரிசையில் நிரப்புவது என்று வழிகாட்ட ஆளில்லாத முதல் தலைமுறை மாணவர், நல்ல மதிப்பெண் இருந்தும் நல்ல கல்லூரியைத் தவறவிடும் ஆபத்து நீடிக்கவே செய்கிறது.

வகுப்பறையில் தொழில்நுட்பம்

2017இல் தொடங்கப்பட்ட 'ஸ்வயம்' தளத்தின் இணையவழிப் பாடங்களை, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஏற்கலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதி வகுத்தது. அதற்கு முன்பு இந்த வரம்பு 20 விழுக்காடு. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று (2017-18) காட்டும் நிலையோ இது: கணினி வைத்திருந்த கிராமப்புறக் குடும்பங்கள் 4.4 விழுக்காடு, நகர்ப்புறத்தில் 23.4 விழுக்காடு. இணைய வசதி பெற்றிருந்தவை கிராமத்தில் 14.9, நகரத்தில் 42 விழுக்காடு. அதன்பின் கைபேசி பரவியுள்ளது உண்மை. ஆயினும், சேரியின் ஓரறை வீட்டில் பலர் பகிரும் ஒரு கைபேசியும், தனியறையில் இருக்கும் மடிக்கணினியும் ஒரே வகுப்பறை ஆகிவிடா. ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமலிருக்க இணையப் பாடம் சாக்காகுமானால், அப்பணியிடங்களுக்குரிய இடஒதுக்கீடும் சேர்ந்தே மறையும்.

சாதி, திரைக்குள்ளும் நுழைந்தது. 2021 ஏப்ரலில், காரக்பூர் ஐ.ஐ.டி.யின் ஆயத்த வகுப்பில், பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களை ஓர் ஆசிரியர் இணையவகுப்பிலேயே இழிவாகத் திட்டினார். காணொளி பரவியது; அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். மூடிய வகுப்பறைகளில் சாட்சியின்றி நிகழ்ந்துவந்த அவமதிப்புக்கு அன்று பதிவு கிடைத்தது. இணையவழி இழிவுபடுத்தலுக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும் எனக் கேரள உயர் நீதிமன்றம் 2022இல் கூறியிருப்பதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

நாம் கோருவன

தொழில்நுட்பத்தை நாம் மறுக்கவில்லை. அது யாருடைய வாழ்நிலையை அளவுகோலாகக் கொண்டு வடிவமைக்கப்படுகிறது என்று கேட்கிறோம். கட்டணக் கெடுவைத் தவறவிடும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்குக் கூடுதல் அவகாசமும் நேரில் முறையிடும் வழியும் விதியிலேயே இடம்பெற வேண்டும். கல்வி உதவித்தொகைக்குத் தகுதி பெற்றோரிடம் சேர்க்கைக்கு முன்பே கட்டணம் கேட்கும் முறை கைவிடப்பட வேண்டும். முழுமையடையாத விண்ணப்பங்கள் எத்தனை, அவை எந்தப் பிரிவினருடையவை என்ற விவரத்தை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

மாணவர் அமைப்புகளுக்கும் ஒரு பணி உண்டு: கோளாறு நேரும்போது திரையைப் படமெடுத்து, நேரத்தைக் குறித்து, உடனே எழுத்துவழிப் புகார் அளிக்கப் பழக்குவது. முயன்றதற்கான சான்று கையில் இருந்தால்தான், மூடிய இணையதளத்தை மீண்டும் திறக்கச் செய்ய முடியும்.