திவால் மனுக் கட்டணம் (அமெரிக்கா)

கடனைத் தீர்க்க வழியில்லாத ஒருவர் தம்மைத் திவாலானவராக அறிவிக்கக் கோரி நீதிமன்றத்தில் மனு அளிக்கும்போது செலுத்தும் தொகையே திவால் மனுக் கட்டணம். நம் ஊரில் 'மஞ்சள் கடிதாசி கொடுப்பது' என்று பேச்சுவழக்கில் சொல்வது இத்தகைய மனுவைத்தான். கையில் காசில்லை என்று சொல்ல வருபவர் முதலில் காசு கட்ட வேண்டியிருக்கிறது. இந்த முரண் அமெரிக்காவில் நீண்ட வழக்கு வரலாறு கொண்டது.

தொடக்கம்

1898ஆம் ஆண்டின் அமெரிக்கத் திவால் சட்டம் ஏழைகளுக்கு வழிவிட்டிருந்தது. கட்டணத்துக்கான பணம் தம்மிடம் இல்லை, திரட்டவும் இயலாது என்று உறுதிமொழிப் பத்திரம் அளித்தவரின் மனு கட்டணமின்றி ஏற்கப்பட்டது. அக்காலத்தில் திவால் வழக்குகளைக் கவனித்த நடுவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வழக்குதோறும் வரும் கட்டணமே அவர்களது வருமானம். 1946இல் அவர்களுக்குச் சம்பளம் நிர்ணயிக்கப்பட்டது. ஆனால் அந்தச் சம்பளமும் கட்டணங்களிலிருந்தே வரவேண்டும், திவால் துறை தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ள வேண்டும் என்பது கொள்கையாயிற்று. ஏழைகளுக்கான விலக்கு அப்போது நீக்கப்பட்டது. தவணையில் கட்டும் வசதி மட்டும் எஞ்சியது.

கிராஸ் வழக்கு

1971இல் நியூயார்க்கைச் சேர்ந்த ராபர்ட் கிராஸ் என்பவர் கட்டணமின்றித் திவால் மனு அளிக்க அனுமதி கேட்டார். காப்பீட்டு முகவராக இருந்த அவர், வசூலித்து வைத்திருந்த பிரீமியத் தொகை வீட்டிலிருந்து திருடுபோனதால் வேலையை இழந்தவர். மனைவி, இரு குழந்தைகள், தாய், தாயின் சிறு மகள் ஆகியோருடன் இரண்டரை அறை வீட்டில் அரசு உதவித்தொகையை நம்பி வாழ்ந்தார். குழந்தைகளில் ஒன்று நோயாளி. அவரிடம் இருந்த வீட்டுப் பொருள்களின் மதிப்பு 50 டாலர். கட்டணமும் 50 டாலர்தான்! அதில் 37 டாலர் நடுவர் சம்பள நிதிக்கும், 10 டாலர் சொத்துப் பொறுப்பாளருக்கும், 3 டாலர் நீதிமன்ற எழுத்தருக்கும் உரியவை.

மாவட்ட நீதிமன்றம் கிராஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 1973 ஜனவரியில் அதை 5க்கு 4 என்ற கணக்கில் மாற்றியது. ஏழைகளிடம் மணவிலக்கு வழக்குக்குக் கட்டணம் கேட்கக்கூடாது என்று 1971இல் கூறிய அதே நீதிமன்றம், கடனிலிருந்து விடுபடுவது அத்தகைய அடிப்படை உரிமையல்ல என்றது. ஒன்பது மாதத் தவணையில் வாரத்துக்கு 1.28 டாலர்தானே, அது ஒரு சினிமா டிக்கெட்டைவிடக் குறைவு என்று நீதிபதி பிளாக்மன் கணக்குப் போட்டார். மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி தர்குட் மார்ஷல், ஏழைகள் பலர் சினிமாவுக்கே போவதில்லை என்பதைச் சுட்டிக்காட்டினார். மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அறியாமல் அரசியலமைப்புக்குப் பொருள் சொல்வதைக் கடுமையாகக் கண்டித்தார். கணக்கு சரிதான், ஆனால் உதவித்தொகை முழுவதும் வாடகைக்கும் சோற்றுக்கும் போய்விடும் வீட்டில் அந்த 1.28 டாலரை எதிலிருந்து எடுப்பது என்பதற்குத் தீர்ப்பில் விடையில்லை.

பிற்கால மாற்றங்கள்

1994 முதல் 1997 வரை ஆறு நீதிமன்ற மாவட்டங்களில் கட்டண விலக்கு சோதனையாக நடத்தப்பட்டது. கிராஸ் மனு அளித்த நியூயார்க் கிழக்கு மாவட்டமும் அவற்றுள் ஒன்று. நாடு முழுவதற்குமான விலக்கு 2005இல் வந்தது. திவால் மனுவைப் பொதுவாகக் கடினமாக்கிய சட்டத்திலேயே இந்தச் சலுகையும் இடம்பெற்றது வியப்புக்குரியது. வருமானம் வறுமைக் கோட்டின் 150 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்து, தவணையிலும் கட்ட இயலாதவருக்கு நீதிபதி விலக்கு அளிக்கலாம். சொத்தை விற்றுக் கடனைத் தள்ளுபடி செய்யும் 7ஆம் அத்தியாய மனுவுக்கு மட்டுமே இது பொருந்தும். அம்மனுவின் கட்டணம் 2020 டிசம்பரில் 338 டாலரானது. பிறர் அதை நான்கு தவணைகள் வரை பிரித்துக் கட்டலாம்.

வழக்குரைஞர் கூலி இதில் சேராது. அது மனுக் கட்டணத்தைப்போல் பல மடங்கு. 7ஆம் அத்தியாயத்தில் அதைப் பெரும்பாலும் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். 13ஆம் அத்தியாயத்தில் மூன்று முதல் ஐந்தாண்டுத் திருப்பிச் செலுத்தும் திட்டத்திலேயே கூலியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால், முன்பணம் இல்லாதவர் பலர் அந்த நீண்ட வழியில் செல்கின்றனர். இடையில் தவணை தவறினால் வழக்கு தள்ளுபடியாகும், பழைய கடன் அப்படியே திரும்பி வரும்.