தொலோரெஸ் என்னும் பெயர்: தேய்வின் காரணம் குறித்து

ஸ்பானிய மொழியில் 'தொலோர்' என்றால் வலி, துயரம். அதன் பன்மையே 'தொலோரெஸ்'. பெற்ற மகளுக்கு இப்படியும் பெயர் வைப்பார்களா என்று அயலார் வியப்பதுண்டு. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஸ்பெயினில் இப்பெயர் அருகத் தொடங்கியபோது, பொருளில் உள்ள துக்கமே காரணம் என்ற விளக்கம் எளிதாக ஒட்டிக்கொண்டது. அது ஏற்கத்தக்கதன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பெயரின் முழு வடிவம் 'மரியா தே லோஸ் தொலோரெஸ்', அதாவது வியாகுலங்களின் மரியா. பன்மை இங்கே தற்செயலாக வந்ததன்று. சிமியோன் உரைத்த தீர்க்கதரிசனம், எகிப்துக்குத் தப்பி ஓடியது, கோயிலில் பாலனைக் காணாமல் தவித்தது, சிலுவைப் பாதையில் மகனைச் சந்தித்தது, அவர் சிலுவையில் மரித்தது, உடலை மடியில் ஏந்தியது, அடக்கம் செய்தது என வியாகுலங்கள் ஏழு. தேவாலயச் சுரூபங்களில் மரியாளின் நெஞ்சில் ஏழு வாள்கள் பாய்ந்திருப்பது இவற்றையே குறிக்கிறது. 1233இல் ஃபிளாரன்ஸ் நகரில் தோன்றிய 'மரியாளின் ஊழியர்' சபைத் துறவிகள் இப்பக்தியை ஊரூராகப் பரப்பினார்கள். 1814இல் ஏழாம் பத்திநாதர் இதன் திருநாளைத் திருச்சபை முழுமைக்கும் உரியதாக்கினார். செப்டம்பர் 15 அதன் இன்றைய நாள். ஸ்பானிய மக்கள் வழக்கிலோ குருத்து ஞாயிற்றுக்கு முந்திய வெள்ளியே வியாகுல வெள்ளி.

ஆகவே, பெற்றோர் மகளுக்குத் துயரத்தைச் சூட்டவில்லை. துயரத்தைத் தாங்கியவளின் காவலில் அவளை ஒப்படைத்தார்கள். தமிழ்க் கத்தோலிக்கருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'வியாகுலமேரி' என்று மகளை அழைக்கும் வீட்டில் யாரும் அப்பெயரைத் துர்ச்சகுனமாகக் கேட்பதில்லை.

பெயரின் உள்ளே கிடக்கும் இந்த வழிபாட்டு அடுக்கை மிக நன்றாகக் காட்டும் வாழ்க்கை, வியப்புக்குரிய வகையில், ஒரு கம்யூனிஸ்டுடையது. பாஸ்க் நாட்டின் சுரங்க ஊரான கல்யார்த்தாவில் 1895இல் பிறந்த தொலோரெஸ் இபாரூரி, இளமையில் பக்தி மிகுந்தவர். 1918இல் பாடுகளின் வாரத்தில் சுரங்கத் தொழிலாளர் இதழொன்றில் வெளிவந்த கட்டுரைக்கு அவர் 'பாசியோனாரியா' என்று கையெழுத்திட்டார். அது கிறிஸ்துவின் பாடுகளை நினைவூட்டும் மலரின் பெயர். 1936இல் ஸ்பானிய உள்நாட்டுப் போர் மூண்டபோது உலகம் அவரை அறிந்தது அப்புனைபெயரால்தான். மதத்தை விட்டு வெளியேறியவரின் இயற்பெயர், புனைபெயர் இரண்டுமே பெரிய வெள்ளியின் சொற்களஞ்சியத்திலிருந்து வந்தவை.

பாஸ்க் மொழியில் தொலோரெஸுக்கு இணையான பெயர் நெகானே. கத்தலான் மொழியில் தொலோர்ஸ். 1938 மே மாதம் ஃபிராங்கோ அரசு பிறப்பித்த ஆணை இத்தகைய வடிவங்களைப் பதிவேட்டிலிருந்து விலக்கி, காஸ்டிலிய வடிவத்தையே கட்டாயமாக்கியது. 1977ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்புதான் ஸ்பெயினின் பிற மொழிப் பெயர்களுக்கு வழி முழுமையாகத் திறந்தது. எனவே அக்காலப் பதிவேட்டில் காணும் தொலோரெஸ்களில் எத்தனை பெற்றோரின் விருப்பம், எத்தனை எழுத்தரின் திருத்தம் என்று பிரித்தறிய இயலாது. இப்பெயரின் செல்வாக்கை எண்ணிக்கையால் மட்டும் அளக்க முயல்வோர் இதை மறக்கக் கூடாது.

இனி, துக்கப் பொருள்தான் பெயரைக் கொன்றது என்ற கூற்றைச் சோதிக்கலாம். அது உண்மையானால் இனிய பொருளுடைய மரியாளின் பட்டப்பெயர்கள் தழைத்திருக்க வேண்டும். கொன்சுவெலோ என்றால் ஆறுதல். ரெமேதியோஸ் என்றால் நிவாரணம். இவையும் தொலோரெஸோடு சேர்ந்தே பாட்டிமார் பெயர்களாகிவிட்டன. தளர்ந்தது, மரியாளின் பட்டங்களைப் பெண் குழந்தைகளுக்கு இடும் வழக்கமே. கார்மென் மட்டும் தாக்குப்பிடித்தது. குறுகிய, ஓசை நயமுள்ள பெயர் என்பது அதற்குக் கைகொடுத்திருக்கலாம்.

அமெரிக்கச் சான்றும் இதே திசையில்தான் நிற்கிறது. 1930ஐ ஒட்டி அங்கு தொலோரெஸ் முதல் 20 பெண் பெயர்களுக்குள் இருந்தது. மெக்சிகோவில் பிறந்த தொலோரெஸ் தெல் ரியோ ஹாலிவுட்டில் புகழ்பெற்ற காலம் அது. ஆனால் நடிகை டொலோரஸ் காஸ்டெல்லோ 1903இலேயே பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். ஆகவே திரைப்படத்துக்கு முன்பே பெயர் அங்கு குடியேறியிருந்தது. பொருள் மாறாமலே அது ஏறியது, பொருள் மாறாமலே இறங்கியது.

இதையெல்லாம்விட வலுவான சான்று லோலா. தொலோரெஸின் மழலைத் திரிபு அது. 1923இல் ஹெரேஸ் நகரில் பிறந்த பாடகி லோலா ஃபிளோரெஸின் ஞானஸ்நானப் பெயர் மரியா தொலோரெஸ்தான். தனிநிலை பெறாத செல்லப்பெயர்களைப் பதிவேட்டில் எழுத ஸ்பெயின் சட்டம் நெடுங்காலம் தடை விதித்திருந்தது. பாலின அடையாளத் திருத்தத்துக்கு வழிசெய்த 2007ஆம் ஆண்டின் 3ஆம் எண் சட்டம் அத்தடையையும் நீக்கியது. இன்று மரியா தொலோரெஸ் என்ற பெயருடையோரில் பெரும்பாலோர் நடுவயது கடந்தவர்கள். புதிதாய்ப் பிறக்கும் குழந்தைகளோ நேரடியாக லோலா என்றே பதிவாகிறார்கள். பெயரின் வேர் பட்டுப்போயிருந்தால் இந்தத் தளிர் வந்திருக்காது. லோலாவுக்கென்று தனிப் புனிதை இல்லை. பெயர்த் திருநாள் கொண்டாடும் குடும்பங்களில் அவளுக்கும் அது வியாகுல வெள்ளியன்றே வருகிறது.