ஒத்தி, அடமானம், 1938: கரிசல் காட்டுக் கடன் சட்டம்

எங்க சாத்தூர்ப் பக்கம் "புஞ்சை ஒத்தியில இருக்கு" என்பதும் "அடமானத்துல இருக்கு" என்பதும் ஒன்றல்ல. ஒத்தி என்றால் கடன் கொடுத்தவர் நிலத்தில் இறங்கி உழுவார், விளைச்சல்தான் வட்டி. அடமானத்தில் நிலம் நம்மிடமே இருக்கும், வட்டி ஏறிக்கொண்டே போகும். கட்டாவிட்டால் கோர்ட் டிக்ரி, பிறகு ஏலம்.

1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் விளைபொருள் விலை சரிந்தது. பத்திரத்தில் எழுதிய தொகை மட்டும் அப்படியே நின்றது. 1936இல் சென்னை மாகாணம் கடன் சமரசச் சட்டம் கொண்டுவந்தது. கடன்காரரும் கொடுத்தவரும் ஒரு போர்டு முன் உட்கார்ந்து பேசலாம். கொடுத்தவர் மசியாவிட்டால்? பெரிசா ஒண்ணும் நடக்காது.

ராஜாஜி அமைச்சரவை 1938 மார்ச் 22 அன்று நடைமுறைப்படுத்திய விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் சம்மதம் கேட்கவில்லை. 1932 அக்டோபர் 1க்கு முந்தைய கடன் என்றால், 1937 அக்டோபர் 1 வரை பாக்கி நின்ற வட்டி மொத்தமும் ரத்து. அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. அதற்குப் பிந்தைய கடன்களுக்கு 5 சதவீத வட்டி போட்டு மறுகணக்கு.

நமக்குத்தான் எதையும் எக்செல்லில் போட்டுப் பார்க்கும் வியாதி உண்டே. 1925இல் 500 ரூபாய், 12 சதவீதத் தனிவட்டி என்று வைத்துக்கொள்வோம். 12 வருட வட்டி 720. சம்சாரி அதில் 700 கட்டியிருக்கிறார். பழைய கணக்கில் பாக்கி 520. புதுக் கணக்கில் இரு மடங்கான 1000இல் 700 போக, வெறும் 300.

எனக்குப் பிடித்தது 23ஆம் பிரிவு. 1937 அக்டோபர் 1க்குப் பிறகு டிக்ரியில் ஏலம் போன நிலத்தைக்கூட, மனுப் போட்டு ஏலத்தை ரத்து செய்ய வைக்கலாம். ஆனால் சட்டம் வந்த 90 நாளுக்குள். பேப்பர் படிக்காத சம்சாரிக்கு அந்தச் செய்தி எப்போது போய்ச் சேர்ந்திருக்கும்? வக்கீல் வைத்திருந்தவர் தப்பித்தார் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு ஓட்டை ஒத்தி. பெரும்பாலான ஒத்திகளுக்கு இந்த மறுகணக்கு பொருந்தவில்லை. 1948 திருத்தம்தான் அதைத் தொட்டது: ஒத்திக்காரர் 30 வருடம் நிலத்தை அனுபவித்துவிட்டால் கடன் தீர்ந்ததாகக் கணக்கு. முப்பது வருஷம்ங்க! ஒரு தலைமுறையே போயிடும்.

இன்று வங்கிகள் கையில் இருப்பது 2002இன் சர்ஃபேசி சட்டம். ஏலத்துக்குக் கோர்ட் டிக்ரி வேண்டாம், முதலில் 60 நாள் நோட்டீஸ். விவசாய நிலத்தை அது தொடாது. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்துக் கட்டிய வீட்டைத் தொடும். அந்த 60 நாளுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்தால், வங்கி ஏற்காவிட்டாலும் 15 நாளில் காரணம் சொல்லியே ஆகவேண்டும். வாய்ப்பேச்சில் தவணை கேட்பவருக்கு இந்தப் பதில் கிடைக்காது.